அளவு ஜாக்கெட்

ஜனவரி 6

டீச்சருக்கு,

பெயிண்டர் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. உன் புது வீட்டு முகவரி தெரியாது, அதனால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன். போன் போட்டுப் பார்த்தேன். நீ எடுப்பதில்லை, நியாயம்தான்.

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

போர்டு எழுதும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது துணிக்கடைகளில் நிற்கும் பொம்மைகளுக்கு முகம் எழுதும் பட்டறையில் இருக்கிறேன். ஆண் பொம்மைக்கும் பெண் பொம்மைக்கும் தலை ஒரே அச்சுதான், உனக்குத் தெரியுமா? புருவத்தைத் தடிமனாக எழுதினால் அவன். மெலிதாக எழுதி உதட்டில் சிவப்பு வைத்தால் அவள். காய்வதற்கு இருபது நிமிஷம் ஆகும். எனக்கு நாற்பத்தோரு வருஷம் ஆனது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ அந்த ஜாக்கெட்டை என் முன்னால் தூக்கி எறிந்து, "எவ அவ?" என்று கேட்டாய். நான் "ஆமா, ஒருத்தி இருக்கா" என்றேன். அப்படி ஒருத்தியும் இல்லை. உன் ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டது நான். நீ பள்ளிக்கூடம் போன பிறகு, எனக்கு வேலை இல்லாத நாட்களில், உன் புடவையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பேன். வேறொன்றும் செய்ய மாட்டேன். பேப்பர் படிப்பேன், துணி மடிப்பேன், சும்மா உட்கார்ந்திருப்பேன். நான் பெண் என்று அந்த வீட்டின் நாலு சுவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது வெளியிலும் அப்படியேதான் இருக்கிறேன். கவரின் பின்னால் எழுதியிருப்பது என் பெயர்தான்.

பிடிபட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பீரோவின் அடித்தட்டில் கிடந்த அந்த அரக்கு ஜாக்கெட்டை நீ போட்டு நான் பார்த்ததே இல்லை. சாயம் போய், ஓரம் நைந்து, யாருக்கும் வேண்டாததுபோல் கிடந்தது. காணாமல் போனாலும் தேட மாட்டாய் என்று அதை எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்து, என் அளவுக்குத் தைத்துக்கொண்டேன். டெய்லரிடம் அளவுக்குக் கொடுப்பதற்கென்றே ஒரு ஜாக்கெட்டை ஒதுக்கி வைப்பீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பெண் என்று வளர்க்கப்பட்ட யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். நீ கவனிக்காமல் அதையே டெய்லரிடம் கொடுத்தாய். ஆறு புது ஜாக்கெட்டும் தொளதொளவென்று வந்தன. "நீங்க குடுத்த அளவுப்படிதாம்மா தெச்சேன்" என்று அவர் சத்தியம் செய்தார். பாவம், அவர் சொன்னது நிஜம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பட்டறைக்குப் பொம்மை வாங்க வந்த ஒரு கேலரிக்காரம்மா என்னோடு பேச்சுக் கொடுத்து, ஒரு கண்காட்சியில் என்னையும் சேர்த்திருக்கிறார். ஆசியாவின் பல நாடுகளிலிருந்து பன்னிரண்டு பேர். எல்லோரும் என்னைப் போல, இன்னதை உடுத்தாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள். அந்த ஜாக்கெட் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டைவிட்டு வரும்போது எடுத்து வந்தேன். முகம் எழுதாத ஒரு பொம்மைக்கு அதை மாட்டி, தையல் தெரியும்படி நிறுத்தலாம் என்றிருக்கிறேன். உன் பெயர் எங்கும் வராது. ஆனாலும் அது உன்னுடையது. பிப்ரவரி 22 திறப்பு. உன் சம்மதம் வேண்டும்.

பெயிண்டர்


ஜனவரி 15

பெயிண்டருக்கு,

முதலில் ஒன்று. இனிமேல் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போடாதீர்கள். பியூன் கவரை ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் நீட்டினார். பின்பக்கம் ஒரு பெண் பெயர். சயின்ஸ் டீச்சர் அதைப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்து, "என்ன நெஞ்சழுத்தம் பாரு, உனக்கே லெட்டர் போடுறா" என்றார். மதியம் முழுக்க ஆளாளுக்கு எனக்காகக் கோபப்பட்டார்கள். ஒருவர் தன் டப்பாவிலிருந்து எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தார். அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். என் வீட்டு முகவரி கடைசியில் இருக்கிறது.

இரண்டாவது, உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "நீங்கள்" என்றே வருகிறது. முன்பு அது புருஷன் என்ற மரியாதைக்கு. இப்போது பழக்கமில்லாத ஒரு பெண் என்பதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஜாக்கெட்டை மாட்டக் கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அதற்கு என்ன ஆறுதல் சொல்வது என்பது அவர்களுக்கு மனப்பாடம். எனக்கும் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று பழகிவிட்டது. இந்த விஷயம் தெரிந்தால் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுக்குத் தெரியாதா என்பார்கள். இவளிடம் என்ன குறையோ என்பார்கள். நாலு வருஷமாக நான் தலை நிமிர்ந்து நடப்பது அந்த இல்லாத ஒருத்தியின் தயவில். அவளையும் என்னிடமிருந்து பறிக்காதீர்கள். பெயர் போடாவிட்டால் என்ன, நாலு பேர் போட்டோ எடுத்துப் போடுவார்கள், எங்கிருந்தோ எங்கேயோ வந்து சேரும்.

எச்.எம். இன்னும் காலையில் வாசலில் நின்று, டீச்சர்கள் தோளில் சேஃப்டி பின் ஒழுங்காகக் குத்தியிருக்கிறார்களா என்று பார்க்கிறார். சுடிதார் போட அனுமதி கேட்டு நாங்கள் எழுதிக் கொடுத்த மனு மூன்று வருஷமாக அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஆண் வாத்தியார்கள் கசங்கிய சட்டையோடு அவரைத் தாண்டிப் போகிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து புடவையை உருவிப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வரும், உங்களுக்கும் தெரியும். எப்போதடா கழற்றுவோம் என்று நான் இருந்ததை, எப்போதடா கட்டுவோம் என்று நீங்கள் இருந்திருக்கிறீர்கள். ஒரே பீரோவில் கடவுள் நன்றாகத்தான் விளையாடியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் ஒன்பது எழுத்துப் பிழைகள். நாலு வருஷத்தில் அதுவாவது குறைந்திருக்கலாம்.

டீச்சர்


ஜனவரி 21

டீச்சருக்கு,

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அதில் பேச்சில்லை. கேலரிக்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "வேற ஏதாவது குடுங்களேன்" என்கிறார். கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன், கடைசி நாள் வரை விட்டுவைக்கிறேன் என்கிறார்.

ஏன் அந்த ஜாக்கெட்தான் வேண்டும் என்றேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் மனதை மாற்றுவதற்கு இல்லை. சரி, கொஞ்சம் அதற்கும்தான்.

இங்கே வந்த முதல் வருஷம், எனக்கென்று ஒரு ஜாக்கெட் தைக்கலாம் என்று ஒரு லேடீஸ் டெய்லரிடம் போனேன். கழுத்தில் டேப்போடு எழுந்து வந்த அம்மா என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "நான் அளவெல்லாம் எடுக்க மாட்டேன். அளவு ஜாக்கெட் இருந்தா குடுங்க, தெச்சுத் தரேன்" என்றார். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். மறுநாள் கொண்டுபோனேன். உள்பக்கம் திருப்பி, மற்ற தையலெல்லாம் அரக்கு நூலிலும், நான் போட்ட பக்கத் தையல் மட்டும் வெள்ளை நூலிலும் இருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் போட்ட மாதிரி இருக்கே" என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து என் ஜாக்கெட் எல்லாம் அதை வைத்துத்தான் தைக்கிறார். இன்றுவரை டேப்பை என்மேல் வைத்ததில்லை. இந்த ஊரில் எனக்காக ஜாமீன் நிற்பது உன் ஜாக்கெட் ஒன்றுதான்.

மற்றவர்கள் கொண்டுவந்திருப்பதைப் பார்த்தேன். ஒருவர் தன் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளை வரிசையாக மாட்டியிருக்கிறார். வெளியே ஒன்றுமில்லை, உள்பக்கம் முழுக்கப் பூவேலை. இன்னொருவர், சின்னப் பிள்ளை, பள்ளிக்கூடம் வீட்டுக்கு அனுப்பிய புகார்க் கடிதங்களைத் துணியில் அச்சடித்துப் பாவாடையாகத் தைத்திருக்கிறது. "உங்க பையன் நடை சரியில்லை" என்று இடுப்பைச் சுற்றி எழுதியிருந்தது. நான் சிரித்துவிட்டேன், அதுவும் சிரித்தது. பிறகு இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். என் ஜாக்கெட்டுக்குக் கேலரிக்காரம்மா முன்பே ஒரு விளக்கம் எழுதிப் படித்துக் காட்டியிருந்தார். என்னைப் பற்றியது என்று சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவு பெரிய வார்த்தைகள்.

என் அறை பட்டறைக்கு மேலே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் போய்விடும். திங்கள் காலையில் "டீ வேணுமா" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் குரல் வராது, கனைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். இதை உன்னிடம் சொல்ல உரிமை இல்லைதான். வேறு யாரிடம் சொல்வது?

நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. பிழைகளை எண்ணி மார்க் போட்டாலும் பரவாயில்லை.

பெயிண்டர்


ஜனவரி 31

பெயிண்டருக்கு,

ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். எட்டாம் வகுப்புக்குக் காரணிப்படுத்துதல் நடத்திக்கொண்டே மனதில் எழுதுகிறேன். இதுவாவது கிழிபடாமல் வந்தால் படியுங்கள்.

நீங்கள் முதல் கடிதத்தில் சொன்னது எதுவும் எனக்குப் புதிது இல்லை. எனக்குத் தெரியும். டெய்லர் விஷயத்துக்கு முன்பே தெரியும்.

அந்த வருஷம் ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. எனக்குத் தலைவலி. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு மணிக்கே வந்தேன். முன் ஜன்னல் திரை சரியாக மூடவில்லை. நீங்கள் என் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் பேப்பர் இருந்தது, படிக்கவில்லை. முதலில் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் கையைப் பார்த்து அடையாளம் தெரிந்தது, விரல் இடுக்கில் பெயிண்ட். எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்பும் வரவில்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழு வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த முகத்துக்கு நான் தேவைப்படவே இல்லை.

சாவி கையில் இருந்தது. கதவைத் திறக்காமல் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போனேன். "என்ன, தலைவலி போயிடுச்சா?" என்றார்கள். போயிடுச்சு என்றேன். ஐந்து மணி வரை ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்தினேன். அன்று திருத்தியதில் பாதி தப்பு, மறுநாள் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டினார்கள்.

ஆகஸ்டில் டெய்லர் அந்த ஜாக்கெட்டை என் முன்னால் விரித்தபோது எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வழியெல்லாம் யோசித்தேன். தெரியாததுபோல் இதையும் மடித்து உள்ளே வைக்க முடியவில்லை. தெரியும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. "எவ அவ?" என்று கேட்டேன். நீங்கள் "அப்படி யாரும் இல்லை" என்று சொல்வீர்கள், அதிலிருந்து பேச்சு ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, ஒருத்தி இருக்கா" என்றீர்கள்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? இல்லாத ஒருத்தியை ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? நாலு வருஷமாக எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டீர்கள். இப்படித்தான்.

டீச்சர்


பிப்ரவரி 5

டீச்சருக்கு,

நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாய். இரண்டு நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெண் பொம்மைக்கு ஆண் புருவம் எழுதிவிட்டுத் திட்டு வாங்கினேன்.

எனக்குக் கோபம் வருகிறது. வரக் கூடாது, நான்தான் பொய் சொன்னவள். இருந்தாலும் வருகிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நீ தெரிந்துகொண்டே எனக்குச் சாப்பாடு போட்டாய். நான் மறைத்துக்கொண்டே சாப்பிட்டேன். ஒரே மேஜை. உலகத்தில் எனக்கு யாருமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பும் முன் தினமும் போன் செய்வாய். "கிளம்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் புடவையைக் கழற்றி மடித்து வைக்க அவகாசம் கொடுத்திருக்கிறாய்.

ஏன் "ஆமா" என்றேன்? இன்னொருத்தி இருக்கிறாள் என்றால் நீ அழுவாய், திட்டுவாய், நாளைக்கு யாரிடமாவது சொல்லிக்கொள்வாய். நான்தான் அந்த ஒருத்தி என்றால் நீ என்னைப் பார்ப்பாயே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். மோசமான புருஷன் என்ற பெயர் எனக்குத் தாங்கும் என்று தோன்றியது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நான் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். அன்றைக்கு நான் "இல்லை, அது நான்தான்" என்று சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? என்னை வைத்திருப்பாயா?

ஜாக்கெட்டை இதோடு அனுப்பிவிட்டேன். இனி டெய்லரம்மாவுக்கு வேறொன்றைக் கொடுத்துக்கொள்கிறேன். அது உன்னுடையது, எரித்தாலும் சரி, தரை துடைத்தாலும் சரி. மாட்டலாம் என்று தோன்றினால் 20ஆம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பு. எதுவானாலும் என் கேள்விக்குப் பதில் வேண்டும்.

பெயிண்டர்


பிப்ரவரி 13

பெயிண்டருக்கு,

பார்சல் வந்தது. ஜாக்கெட் மேஜைமேல் மூன்று நாள் கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

நாலாம் நாள் பெரியக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "இதுக்கு அந்தப் பொம்பளையே தேவலையேடி" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. நான் சிரித்ததில் அவளுக்குக் கோபம், வைத்துவிட்டாள். தினமும் வருகிற போன் அதற்குப் பிறகு வரவில்லை.

அக்கா சொன்னதும் ஒருவகையில் சரிதான். எனக்கும் அவள் இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது. இல்லாதவள் என்று தெரிந்தே அவளுக்கு ஓர் உயரம், ஒரு நிறம், ஒரு வேலையெல்லாம் கொடுத்து வைத்திருந்தேன். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அவளோடு சண்டை போடுவேன். நல்ல நல்ல வசனமெல்லாம் வைத்திருந்தேன். உங்கள் முதல் கடிதத்தோடு அவள் போய்விட்டாள். நீங்கள் போனபோதுகூட வீடு இவ்வளவு காலியாக இல்லை.

போனில் "கிளம்பிட்டேன்" என்று சொன்னதற்கு நீங்கள் எழுதிய காரணம் சரி. நீங்கள் முன்பு நினைத்துக்கொண்டிருந்ததும் தப்பில்லை.

இப்போது உங்கள் கேள்வி. "அது நான்தான்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் உங்களை வைத்திருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். அக்காவைக் கூப்பிட்டிருப்பேன். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அதுவும் ஆகவில்லை என்றால் வெளியே அனுப்பியிருப்பேன். நீங்கள் இல்லை என்று சொல்வீர்கள் எனக் காத்திருந்தேன் என்று எழுதினேனே, அது பாதி உண்மை. சொல்லிவிடக் கூடாதே என்றும் காத்திருந்தேன். நீங்கள் "ஆமா" என்றதும் எனக்கு அழுகைக்கு முன்னால் நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வெளியே தெரியக் கூடாதென்றுதான் அவ்வளவு சத்தமாக அழுதேன். நீங்கள் சொன்ன பொய்யால் நாம் பிரிந்தோம் என்று இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் பிரிந்திருப்போம், இன்னும் கேவலமாக. இது என் தப்பு. இதை உங்களிடம் சொல்ல நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

ஜாக்கெட்டை அனுப்பியிருக்கிறேன். மாட்டுங்கள். தையலை நான் தொடவில்லை. கொக்கி ஒன்று தளர்ந்து தொங்கியது, அதை மட்டும் இறுக்கியிருக்கிறேன். கேலரிக்காரம்மாவின் பெரிய வார்த்தைகள் வேண்டாம். அரக்கு நூல் ஒருத்தியுடையது, வெள்ளை நூல் இன்னொருத்தியுடையது என்று எழுதினால் போதும். சயின்ஸ் டீச்சர் காதுக்கு வரும்போது வரட்டும், நானே சொன்னாலும் சொல்வேன். மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்கார வேண்டிவரும். உங்கள் ஞாயிற்றுக்கிழமையைவிட அது பெரிதில்லை.

திறப்புக்கு வருவேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க நினைத்திருப்பீர்கள். பரீட்சை நேரம், லீவு கிடைக்காது என்று எழுதலாம் என்றிருந்தேன். லீவு கேட்டால் கிடைக்கும். நான்தான் வரவில்லை.

டீச்சர்